மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

1979 மே மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்குத் மலேசியாவின் தாப்பாவிலிருந்து மலையேறும் பேருந்தில் உட்கார்ந்தேன். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் என் பெரியப்பா மகள் கிருபையின் கல்யாணப் புடவையும், சிலுவை பொறித்த தாலியும் இருந்தன. பாளையங்கோட்டையிலிருந்து அந்தப் பையை நான் ஓரிடத்திலும் கீழே வைக்கவில்லை.

பெரியப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவராவது அந்தக் கல்யாணத்தில் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். அவருடைய உடல்நிலை பயணத்திற்கு இடம் தரவில்லை. ஆகவே மலேசியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த, எங்கள் சபைக்குப் பழக்கமான ஒரு செவிலியர் குடும்பத்தோடு என்னை அனுப்பிவைத்தார். அவர்கள்தான் தாப்பாவில் என்னைப் பேருந்தேற்றிவிட்டவர்கள். தமிழ் முதுகலையில் முதலாண்டுத் தேர்வை அப்போதுதான் முடித்திருந்தேன். அதிகம் பேசாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். ஒரு பையைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க அது போதுமான தகுதி என்று அப்பா கருதியிருக்க வேண்டும்.

மலைப்பாதை ஒரு திருப்பத்தை முடிக்குமுன் அடுத்ததைத் தொடங்கியது. கண்ணை மூடினேன், மூடியதும் நிலைமை மோசமானது. பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, உப்பும் புளிப்புமாக உலர்ந்த பழம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அதை வாயில் அடக்கிக்கொண்டேன். வயிறு அடங்கியது.

பாதி மலையில் பேருந்து நின்றது. முன்பக்கம் நீராவி சீறியது. நடத்துநர் ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு பாதையோர அருவிக்குப் போனார். ஓட்டுநர் இறங்கிச் சாவகாசமாகப் புகை பிடித்தபடி மலாயில் ஏதோ சொல்ல, பயணிகள் சிரித்தார்கள். முன்இருக்கைக்காரர் எனக்காக அதைத் தமிழில் சொன்னார்: “இந்த வண்டிக்குப் பாதி மலையில தண்ணி குடிக்கணும். குடுக்கலன்னா அழுவும்.”

மாலையில் தானா ராத்தாவில் இறங்கியபோது பற்கள் அடித்துக்கொண்டன. மே மாதத்தில் எங்கள் ஊரில் இரவில்கூடச் சுவர் கொதிக்கும். இங்கே கடைவீதியில் நடந்தவர்கள் எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த தமிழ் முஸ்லிம் கடைக்குள் குளிருக்கு ஒதுங்கினேன். கடைக்காரர் நான் கேட்காமலேயே தேநீரைத் தலைக்குமேல் தூக்கி ஆற்றிக்கொண்டுவந்து வைத்தார். கூடவே, விசிறிபோலப் பரத்திச் சுட்ட ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் வந்தன.

“எந்த ஊரும்மா?”

“பாளையங்கோட்டை.”

“நமக்கு ராமநாதபுரம் பக்கம். இங்க யாரு வீட்டுக்கு?”

சொன்னேன்.

“கிருபை கல்யாணத்துக்கா? மொதல்லயே சொல்லக்கூடாதா? நான்தான் லா பிரியாணி. கோழிய நம்ம ஆளு வந்து அறுத்துக் குடுத்துடுவான். மாடு கெடையாது. அப்பத்தான் மூணு மதமும் ஒரே பந்தியில ஒக்கார முடியும். இல்லன்னா நான் மூணு அடுப்பு வைக்கணும்.”

‘லா’ என்பது இங்குள்ளவர்கள் பேச்சோடு ஒட்டிவரும் அசை. மதங்களுக்கிடையேயான ஒற்றுமை குறித்து எங்கள் கல்லூரியில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக அங்கே எவரும் பேசவில்லை.

என்னை அழைத்துப்போக மாப்பிள்ளையே வந்தார். பாக்கியநாதன் லெம்பா பெர்த்தாம் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றும் லோரியை ஓட்டுபவர். என் பெட்டி முட்டைக்கோஸுகளுக்கு நடுவே பின்னால் ஏறியது. நான் முன்னால் ஏறினேன். கூச்ச சுபாவம் உள்ளவர். என்னைப்போல ஒருவர் கிடைத்தாரே என்று நிம்மதியடைந்தேன். கடைவீதியைத் தாண்டியதும் அவரே தொடங்கினார்.

“ரெண்டு ஓலை சபை மூப்பரே வாசிச்சுட்டாரு. இந்த ஞாயித்துக்கெழம மூணாவது. வியாழக்கெழம தாலி.”

எங்கள் சபைகளில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறுகள் ஆராதனையில் வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். ஒவ்வொரு முறையும், தடை சொல்ல எவருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்று கேட்பார்கள். எவரும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் குழந்தையின் சட்டையைச் சரிசெய்யும் நேரம் அது.

“எங்க அத்தை ஈப்போவுல இருந்து வர்றாங்க. அவுங்கதான் என்னை வளத்தது. சபை விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு. போதகரு மாசத்துக்கு ஒரு தடவதான் மலைக்கு வருவாரு. இந்த வாரம் கல்யாணத்துக்காகவே இங்க தங்குறாரு. எல்லாம் நல்லபடியா முடியணும்” என்றார். எதற்காகக் கவலைப்படுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பெரியம்மாவின் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீடு. வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய். அதைத் தாண்டினால் ஏற்றம். ஏற்றத்தின் உச்சியில் மாரியம்மன் கோயில். பக்கத்து வீடு லெட்சுமியுடையது. இரண்டு வீடுகளுக்கும் பொதுவான பலகைச் சுவரில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது. அதன் வழியாக உப்பு, தீப்பெட்டி, வம்பு ஆகியவை தடையின்றிப் போய்வந்தன.

வியாழக்கிழமை விடியும் முன்பே கிருபையோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். காலையில் ஆட்கள் வரிசையில் நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்கிறார்கள். பெயர் கூப்பிட்டவர் சாமுவேல் கிராணியார். தோட்டத்தின் தலைமை எழுத்தர்; தோட்டத்துச் சபையின் மூப்பரும் அவரே. வேலை பிரித்து முடித்ததும் என்னை அருகில் அழைத்து அன்பாக விசாரித்தார். என் தலையை உற்றுப் பார்த்தார்.

“பூ வைக்கல. கையில வளையல் இல்ல. நல்ல சபையில வளத்திருக்காங்க. கிருபை, பாத்துக் கத்துக்க.”

நான் பூ வைக்காததன் காரணம் வேறு. என் கூந்தல் மெலிது. எந்தப் பூவும் மதியம்வரை நிற்பதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. ஊரில் எங்கள் ஆலயத்தில் ஒருமுறை, பிச்சிப்பூ வைத்து வந்த புதுமணப்பெண்ணைக் குறித்துப் பிரசங்கபீடத்திலிருந்தே பேசினார்கள். அவள் அழுதாள். பேசியவர் அதே ஆண்டில் தம் மகனுக்குச் சாதி பார்த்துப் பெண் எடுத்தார். அதைக் குறித்து எந்தப் பீடமும் பேசவில்லை. அன்று நான் கொண்ட கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் கோபம் வேறு, வாயைத் திறப்பது வேறு.

அன்று பகல் முழுவதும் கொழுந்து கிள்ளுவதைப் பார்த்தேன். விரல்கள் இலைமேல் ஓடும். வாய் ஊர் விவகாரத்தில் ஓடும். ஒன்றுக்காக மற்றொன்று நிற்பதில்லை. என்னையும் கிள்ளச் சொன்னார்கள். நான் கவனமாகத் தேர்ந்து கிள்ளிக்கொண்டிருந்தபோது லெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“தங்கச்சி, செடிக்கு வைத்தியம் பாக்குறியா? கிள்ளு லா. நீ கிள்ளி முடிக்கிறதுக்குள்ள மத்தது காயே காச்சிடும்.”

வெள்ளிக்கிழமை மழை பெய்தது. அந்த மழையில் லெட்சுமி சரிவில் வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப் போட்டு, நடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் சனிக்கிழமை திருவிழா. அவள் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் தானா ராத்தா மருத்துவமனையில் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது.

“படுத்துக்க. அடுத்த வருஷம் எடுக்கலாம்” என்று பலகைச் சந்தின் வழியே கிருபை சொன்னாள்.

“காச்சல் அடுத்த வருஷமா போச்சு? இந்த வருஷந்தான போச்சு” என்று மறுபக்கமிருந்து பதில் வந்தது.

சனிக்கிழமை காலை வெயில் அடித்தது. ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி, தோட்டத்து அலுவலகத்தின் முன்னால் நின்று, பிறகு லயம் வழியாகக் கோயிலுக்கு ஏறும். கிருபை என்னை அலுவலகத்துக்கு இழுத்துப்போனாள். மஞ்சள் புடவைகளில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். லெட்சுமி ஒரு காலில் எடை போடாமல் நின்றாள். அவள் கணவர் உறுமியைத் தோளில் மாட்டியிருந்தார், அடிக்கவில்லை. யாரும் நகரவில்லை.

“ஏன் நிக்கிறாங்க?” என்று கேட்டேன்.

“கிராணியாருக்கு மாலை விழணும். முன்னாடி துரைக்குப் போடுவாங்க. இப்ப உள்ள துரை வர்றதில்ல, அதனால கிராணியாருக்கு. அப்பத்தான் உறுமி பேசும்.”

கிராணியார் வெள்ளைச் சட்டையில் அலுவலகப் படிக்கட்டில் நின்றிருந்தார். பூசாரி வந்து, அம்மன் கழுத்து மாலை என்று சொல்லி அவருக்கு அணிவித்து, தலையில் பரிவட்டம் கட்டினார். கிராணியார் கைகூப்பி ஏற்றுக்கொண்டார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது. அந்த மலர்ச்சி அவருக்கு நன்றாகவே பொருந்தியது. உறுமி முழங்கியது. தரை அதிர்வதைச் செருப்பின் வழியே உணர்ந்தேன்.

நாங்கள் குறுக்குப் பாதையில் ஓடிப் பெரியம்மாவின் வீட்டை அடைந்தோம். முந்தைய நாள் மழையில் பாதை சேறாகியிருந்தது. கோயிலேறுமுன் கால் கழுவ அந்தக் குழாய்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த வீட்டினர் செம்பில் தண்ணீர் மொண்டு பால்குடக்காரர்களின் கால்களில் ஊற்றுவது வழக்கமாம். குடம் தலையில் இருப்பவர் குனிய முடியாது அல்லவா? கிருபை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாளியில் நிரப்பிக்கொடுத்தேன்.

லெட்சுமி கடைசியில் வந்தாள். ஏற்றத்தைப் பார்த்தாள். ஓர் அடி வைத்தாள், கால் மடங்கியது. குடம் சாய்ந்தது. மற்ற பெண்கள் எல்லாரும் முன்னே போய்விட்டார்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு குடம். கிருபை செம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறு கையால் லெட்சுமியின் இடுப்பை அணைத்தாள். இருவரும் ஏறினார்கள். பிந்தி வந்த ஆண்களின் கால்களில் சேறு இருந்தது. கீழே கிடந்த செம்பை நான் எடுத்தேன்.

அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே கிராணியார் பெரியம்மாவின் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“நாளைக்கு ஓலைக்குத் தடை சொல்லப் போறேன். முன்னாடியே சொல்லாம சபையில எழும்புனா மரியாதை இல்ல, அதான் வந்தேன். விக்கிரகத்துக்குப் பால்குடம் எடுத்த பொண்ணுக்குப் பீடத்துல கல்யாணம் இல்ல.”

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். தடை விழுந்தால் ஓலையை மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதற்கு முன் சபை விசாரணை நடக்கும். ஈப்போ அத்தை அதுவரை காத்திருக்கமாட்டார். கிருபையின் கல்யாணம் நின்றுபோகும் என்பதை அந்தச் சிறிய அறையில் எவரும் சொல்லாமலே எல்லாரும் அறிந்திருந்தோம்.

கிராணியார் என் பக்கம் திரும்பினார்.

“நீ படிச்ச பொண்ணு. இந்தத் தோட்டத்து ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் மறைப்பாங்க. நீ வெளியூரு. பாத்ததைப் பாத்தபடி சொல்லணும். சொல்லுவியா?”

“சொல்லுவேன்” என்றேன்.

அவர் போனதும் பெரியம்மா என்னிடம் பேசவில்லை. அவர் என்னைக் குற்றம் சாட்டுகிறார் என்று புரிந்தது. கிருபைதான் சோறு போட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் மலைக்கீரையும்.

“எனக்காகப் பொய் சொல்லிடாத” என்றாள் கிருபை. “நான் தூக்குனேன். நாளைக்கும் அவ கால் மடங்குனா தூக்குவேன்.”

ஞாயிறு காலை மூடுபனி ஆலயத்தின் வாசல்வரை வந்து நின்றது. பலகைச் சுவர், தகரக் கூரை. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். எங்கள் ஊர் ஆலயத்தின் கல்தூண்களை நினைத்துக்கொண்டேன். இங்கே தூணாக நின்றவை பச்சை வண்ணம் பூசிய மரச்சட்டங்கள். வெள்ளை அங்கிக்குள் கம்பளிச் சட்டையோடு போதகர் தும்மிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் ஈப்போ அத்தை. நிமிர்ந்த முதுகு, கண்ணாடி, மடியில் மூடிய வேதாகமம். சன்னல்களுக்கு வெளியே தலைகள் தெரிந்தன. செய்தி பலகைச் சந்தின் வழியாகப் போயிருந்தது. லெட்சுமியைக் கணவர் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து சன்னலோரம் நிறுத்தியிருந்தார்.

போதகர் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். குழந்தைகளின் சட்டையை அன்று எவரும் சரிசெய்யவில்லை.

சாமுவேல் கிராணியார் எழுந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். குரல் உயரவில்லை; அவர் தாம் சொன்னதை நம்பினார். பிறகு, “நான் சொன்னா பகை வச்சுச் சொல்றதா நெனப்பாங்க. ஊர்ல இருந்து வந்த பொண்ணு கூட நின்னு பாத்திருக்கு. அதைக் கேளுங்க” என்றார்.

போதகர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். முன்இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். நான் பொதுவில் பேசிய கடைசிச் சந்தர்ப்பம் பள்ளியில் கடவுள் வாழ்த்து. அதுவும் பத்துப் பேரோடு சேர்ந்து. சுருக்கமாகச் சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் கேட்டது பார்த்ததைப் பார்த்தபடி. அப்படியானால் ஆரம்பத்திலிருந்துதான் சொல்ல வேண்டும். இரவெல்லாம் எனக்குத் தோன்றாத ஒன்று, அந்த இருக்கையைப் பிடித்து நின்றபோதுதான் தோன்றியது.

“வரிசையா சொல்றேன், ஐயா” என்றேன். “நேத்துக் காலையில கிருபையும் நானும் ஆபீஸ் முன்னால நின்னோம். பால்குடம் எடுத்தவங்க எல்லாரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. உறுமி அடிக்கல. ஏன்னு கேட்டேன். மூப்பருக்கு மாலை விழுந்தாத்தான் அடிப்பாங்கன்னு சொன்னா. பூசாரி வந்தாரு. அம்மன் கழுத்து மாலைன்னு சொல்லி மூப்பருக்குப் போட்டாரு. பரிவட்டம் கட்டினாரு. மூப்பர் கும்பிட்டு வாங்கிக்கிட்டாரு. அதுக்கப்புறம்தான் ஊர்வலம் கிளம்பிச்சு.”

ஆண்கள் பக்கம் ஒருவர் இருமினார். கிராணியாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது. அந்த மாலை அவருடைய நினைவிலேயே இல்லை என்பதை அப்போது அறிந்தேன். ஆண்டுதோறும் விழுவது; அவர் அதை ஒரு செயலாகவே எண்ணியிருக்கவில்லை.

“மிச்சத்தையும் சொல்லிருதேன்” என்று தொடர்ந்தேன். ஊர் வழக்கு வாயில் வந்துவிட்டது, திருத்திக்கொள்ளவில்லை. “லெட்சுமிக்குக் கால் சுளுக்கு. ஏத்தத்துல மடங்கிருச்சு. கிருபை குடத்தை வாங்கித் தலையில வச்சுக்கிட்டா. ஒரு கையால அவளைப் பிடிச்சுக்கிட்டா. நான் கீழ இருந்து பாத்துக்கிட்டே நின்னேன். கோயில் படிக்குக் கீழயே குடத்தை லெட்சுமி தலையில மாத்திட்டா. படியில கால் வைக்கல, கும்பிடல. வழியெல்லாம் அவ சத்தமாச் சொன்னது கீழ வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு. ‘மெதுவா, இந்தக் கல்லுல வை, அந்தக் கல்லு ஆடும்.’ அது மட்டும்தான். அவ கீழ வச்ச செம்பை எடுத்து, பின்னால வந்தவங்க காலுக்கு நான் தண்ணி ஊத்தினேன். தடைன்னா என் பேரையும் எழுதிக்கிடுங்க.”

உட்கார நினைத்தேன். இன்னொன்று மீதியிருந்தது.

“மாலை வாங்கினது தப்புன்னு நான் சொல்லல, ஐயா. அவர் வாங்கலன்னா அங்க அத்தனை பேரு மனசும் வருத்தப்பட்டிருக்கும். அவரும் அதுக்காகத்தான் வாங்கியிருப்பாரு. கிருபையும் அதுக்காகத்தான் தூக்கினா.”

உட்கார்ந்தேன்.

“அது…” என்றார் கிராணியார். “அது உத்தியோகத்துக்குப் போடுற மாலை.”

பெண்கள் பக்கத்து மூன்றாம் வரிசையிலிருந்து அவருடைய மனைவி எஸ்தர் அம்மாள், எழுந்திருக்காமலேயே, சாதாரணக் குரலில் சொன்னார்:

“உத்தியோகத்துக்குன்னா ஆபீஸ்ல லா தொங்கணும்? நம்ம வீட்டு ஆணியிலதான தொங்குது.”

சன்னலுக்கு வெளியேதான் முதல் சிரிப்பு எழுந்தது. பிறகு அது உள்ளே வந்தது. ஆலயத்தில் சிரிக்கக் கூடாது என்று நான் கற்றிருந்தேன். அன்று தகரக் கூரையே சிரித்தது. போதகர் கைக்குட்டையை எடுத்தார். தும்மலுக்கா, வேறு எதற்கா என்று நான் சாட்சி சொல்ல முடியாது.

கூட்டம் அடங்கியதும் அவர் கேட்டார்: “மூப்பரே, ரெண்டையும் சேத்து எழுதிக்கவா? ரெண்டையும் விட்டுடவா?”

கிராணியார் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிருபை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை குனியவே இல்லை.

“விட்டுடுங்க” என்றார். உட்கார்ந்தார்.

போதகர் மறுபடி முதலிலிருந்து ஓலையை வாசித்தார். கிருபையின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, தெளிவாக இரண்டாம் முறை சொன்னார். தடை உண்டா என்று கேட்டார். எவரும் எழவில்லை; அவர் ஜெபித்து முடித்தார். பிறகு சபை சொன்ன ஆமென் மலைச்சரிவில் போய் மோதியது. சன்னலுக்கு வெளியே நின்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். லெட்சுமியின் குரல் தனியாகக் கேட்டது. ஆமென் என்பதை அவள் சற்று நீட்டினாள்.

ஆராதனை முடிந்ததும் ஈப்போ அத்தை நேராகக் கிருபையிடம் வந்தார். பாக்கியநாதன் இரண்டடி பின்னால், மூச்சுவிடாமல் நின்றார். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் பொண்ணு கால் இப்ப எப்படி இருக்கு?” என்றார்.

“வீக்கம் இருக்கு அத்தை.”

“எண்ணெய் வச்சிருக்கேன். பையில இருக்கு. வா, தடவிவிடலாம்.”

பாக்கியநாதன் மூச்சு விட்டார்.

கபடம் என்றால் மறைத்து வைப்பது என்று நான் நினைத்திருந்தேன். நூல்களிலும் அப்படித்தான் படித்திருந்தேன்: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. சாமுவேல் கிராணியார் எதையும் மறைக்கவில்லை. எல்லார் கண்முன்னும் மாலை வாங்கினார். எல்லார் கண்முன்னும் தீர்ப்புச் சொன்னார். தமக்குச் செய்யப்படுவது மரியாதையாகவும், பிறர் செய்வது பாவமாகவும் தெரியும் ஓரிடத்தில் அவர் நெடுங்காலமாக நின்றிருந்தார். ஊரில் பிச்சிப்பூவைக் கண்டித்தவரும் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்பவரை நகர்த்துவதற்குப் பெரிய வாதம் எதுவும் தேவைப்படவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னது போதுமானதாக இருந்தது. இதை நான் கண்டுகொண்டபோது, கர்வம் என்றே சொல்ல வேண்டிய ஒரு மகிழ்ச்சி எனக்குள் ஏறியது. அதை அடக்க நான் முயலவில்லை.

பிற்பகலில் பாக்கியநாதன் லோரியில் எங்கள் எல்லாரையும் ஏற்றிக் கியா பார்முக்கு அழைத்துப்போனார். பெரியம்மா வழிநெடுகப் பாட்டுப் பாடினார். சாலையோரக் கடையில் அவித்த சோளம் தின்றோம். பெரியம்மா தம் கையாலேயே உதிர்த்து எனக்கு ஊட்டினார். முந்தைய நாள் பேசாமல் இருந்ததற்கு அவர் சொன்ன பதில் அது.

திரும்பும்போது அழைப்பு வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. மூன்றாம் ஓலை முடிந்த பிறகே வீடுவீடாக அழைக்கப் போவார்கள்.

“மொதல்ல மூப்பர் வீடு” என்றாள் கிருபை.

“அந்த வீட்டுப் படியில நான் கால் வைக்கமாட்டேன்” என்றார் பெரியம்மா.

“அப்பா இல்ல. என் கையப் பிடிச்சுப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். மூப்பர்தான் வரணும். உறுமிக்கு மட்டும்தான் அவரு வேணுமா?”

லெட்சுமி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: “யாரு போய்க் கேக்குறது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீதான் லா வாயைத் திறந்த” என்றாள் கிருபை.

திங்கட்கிழமை பெரட்டுக்கு முன்பே கிராணியார் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரே திறந்தார். கன்னத்தில் பாதிச் சவர நுரை. என்னைக் கண்டதும் பின்வாங்கினார். இன்னும் என்ன பார்த்துவிட்டு வந்திருக்கிறாளோ என்று நினைத்திருக்கலாம். முறைப்படி அழைத்தேன். வியாழக்கிழமை கிருபையின் கையைப் பிடித்து அவர்தான் அழைத்து வரவேண்டும் என்றேன்.

“நானா?”

“நீங்கதான். கிருபை கேட்டா.”

நுரை உலர்ந்துகொண்டிருந்தது. சற்று நின்று பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லிப் படியிறங்கினேன்.

பெரட்டுக் களத்தில் கிருபையின் அருகே போய் நின்றேன். “என்ன சொன்னாரு?” என்று வரிசை முழுவதும் கண்ணால் கேட்டது. உதட்டைப் பிதுக்கினேன். கிராணியார் வந்தார். பெயர் கூப்பிட்டார், வேலை பிரித்தார், கிருபைக்கும் வழக்கமான குரலில் வேலை சொன்னார். கடைசிப் பெயரும் முடிந்தது. பெண்கள் கூடையைத் தூக்கினார்கள். அப்போது அவர், எவரையும் பார்க்காமல், மூடுபனியைப் பார்த்துக் கேட்டார்:

“வியாழக்கெழம எத்தன மணிக்கு?”

“பத்து மணிக்கு” என்றேன். நான் மட்டும் சொல்லவில்லை. வரிசை முழுவதும் என்னோடு சேர்ந்து சொன்னது.